இரண்டாவது ஆல்பத்தோடு பெருநகர் வரை

காலை 4.30. தாம்பரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்து நான்கு ரூபாய். சட்டைப் பையில் ஒரே ஒரு கேசட். எங்கள் ஹிப்-ஹாப் குழுவின் இரண்டாவது ஆல்பம். மிக்ஸிங் முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. நாங்கள் நால்வரும் காதல் பாட்டுப் பாடுகிறவர்கள் அல்ல. கூலி, ரேஷன், சுடுகாடு என்று முகத்துக்கு நேரே கேட்கும் ஹார்ட்கோர் ராப் எங்களுடையது. பாட்டு எழுதுவது நான். எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவனும் நான்தான்.

முதல் ஆல்பம் ஸ்டுடியோவில் இடி மாதிரி இருந்தது. ஊரில் டிராக்டர் டேப்பில் போட்டால் டிரம் மட்டும்தான் கேட்டது. சனங்கள் ஆடினார்கள், ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. எங்கள் பக்கத்தில் பாட்டு கேட்பதே டிராக்டரில்தான். எனவே இந்த முறை அதில் போட்டுக் கேட்காமல் கேசட் பிரதிகள் போட அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மாலை நான்குக்குள் ஸ்டுடியோவுக்குப் போனில் சரி என்று சொல்ல வேண்டும்.

7.45. உத்திரமேரூரில் பஸ் மாறி, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமமான பெருநகரில் இறங்கினேன். நடவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார் டிராக்டர் ஓட்டும் செல்வம் அண்ணன். கேசட்டைக் கொடுத்தேன்.

"இன்னாடா இது, பாட்டா சண்டையா?"

"பாட்டுதான்ணே. யாரு பாடறதுன்னு சொல்லாத. சத்தமா வை."

டிரெய்லரில் ஊர்க்கோடிக் குடிசைகளிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்களோடு உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டு அந்தக் குடிசைகளைப் பற்றியது. மழை பெய்தால் எங்கள் ரோட்டில் முட்டியளவு தண்ணீர், பிணத்தைத் தூக்கிக்கொண்டு நீந்துகிறோம் என்று என் குரல். எஞ்சின் உறுமலை மீறி ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"யார்ரா இவன், பொய் பாடிக்கினு கீறான்?" என்றார் எதிரே இருந்த குப்பு அக்கா.

"இன்னாக்கா பொய்?"

"எங்களுக்கு ரோடு எங்க கீது? ரோடு இருந்தாதான தண்ணி நிக்கும்?"

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "இனிமே ரோடு கேட்டு ஆபீஸ்ல மனு குடுத்தா, அதான் பாட்டுலயே ரோடு வந்துட்சே, இன்னும் இன்னான்னு கேப்பான்."

"பாடினது நான்தான்க்கா."

"நீயா? படிச்ச புள்ள, ஒரு நாளு வந்து பாத்துட்டு எழுதறதுல இன்னா பேஜாரு?"

டிராக்டர் நின்றதும் குப்பு அக்கா கைகாட்டினார். குடிசைகளிலிருந்து சுடுகாட்டுக்கு வயல் நடுவே ஒரு வரப்பு. நடந்து பார்த்தேன்; அறுநூற்று நாற்பது தப்படி. அகலம் ஓரடி. நாலு பேர் தோள் கொடுக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் தூளி மாதிரி பிணம். அப்படித்தான் குப்பு அக்காவின் புருஷனும் போனாராம்.

10.50. பெருநகர் எஸ்.டி.டி. பூத். ஸ்டுடியோவில் எங்கள் குழுவின் மணி காத்திருந்தான்.

"வார்த்தை கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு."

"அப்ப அனுப்பிடறேன்."

"வேணாம். நாலு வரி மறுபடி பாடணும். வந்துக்கினே கீறேன்."

"நமக்குக் குடுத்த டைம் நேத்தோட முடிஞ்சிட்சிடா."

"கேட்டுப் பாரு. குடுக்கலன்னா அந்தப் பாட்டையே எடுத்துடலாம். பொய்யா போவக்கூடாது."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு நான் ஐந்தாவது படிக்கும்போதே தார் ரோடு வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரு ரோடாவது இருக்கும், அது மோசமாக இருக்கும், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறேன். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தவன், ஒருநாளும் அந்த வரப்பில் நடந்ததில்லை.

செங்கல்பட்டு வருவதற்குள் நான்கு வரியும் வந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். எஞ்சின் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. இன்னும் சத்தமாகச் சொன்னேன்.