நியூயோர்க் போன உடுப்புக் கிளிப்

1986ஆம் ஆண்டு, புரட்டாதி மாதம் என்று நினைவு. சுவிஸுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விண்டர்தூரில் நான்கு பேராக ஓர் அறையில் இருந்துகொண்டு, தினமும் காலை ரயிலில் சூரிச் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போய் வந்தேன். விமான நிலையத்தில் வேலை என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். என்ன வேலை என்று எழுதவில்லை. வந்து இறங்கும் விமானங்களின் உள்பக்கத்தைத் துப்புரவாக்கும் வேலை. அதிலும் என் பங்குக்கு விழுந்தது கழிவறைகள்.

யாழ்ப்பாணத்தில் நான் டியூஷன் கொட்டிலில் பௌதிகம் படிப்பித்தவன். நூறு பிள்ளைகளுக்கு முன்னால் சோக் கட்டியோடு நின்றவன் இப்போது தூரிகையோடு நிற்கிறேனே என்று முதல் மாதம் மனம் புழுங்கியது உண்மைதான். பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நில்லாமல் கொஞ்சம் கெட்டித்தனமும் தலைக்கேறிவிட்டது. எங்கள் குழுவில் என்னைவிட வேகமாகக் கழிவறை முடிக்க ஆள் கிடையாது. இதில் என்ன பெருமை என்று கேட்காதீர்கள். அந்த வயதில் ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் பெருமை வேண்டியிருந்தது.

ஜம்போ வரும் நாட்கள்தான் எங்களுக்குத் திருவிழா. சின்ன விமானங்களை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். ஜம்போவுக்குள் போனால் கல்யாண மண்டபத்துக்குள் போனது மாதிரி இருக்கும். வரிசைக்குப் பத்து இருக்கை, இரண்டு நடைபாதை, உள்ளுக்குள்ளேயே மாடிக்கு ஏறப் படி. அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த முந்நூற்றுச் சொச்சம் பேரின் சிகரெட் புகையும் கோப்பி மணமும் திரைச்சீலைகளில் ஊறிக் கிடக்கும். நான் சுவிஸுக்கு வந்தது மூன்று சின்ன விமானங்கள் மாறி. ஜம்போவில் பறந்ததில்லை. ஆனால் அதன் கழிவறை ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

குழுவில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். மன்னார்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஜம்போவுக்குள் கால் வைக்க முன்னர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். நாங்கள் பறக்கப் போவதில்லையே அண்ணை என்று சீண்டினால், பறக்கிற ஆக்களுக்காகப் போடுறன் என்பார். எங்கள் எல்லோருக்கும் மேலே ஓர் இத்தாலியப் பெண்மணி. சிசிலியில் பிறந்து இருபது வருடம் சுவிஸில் உழைத்தவர். ஓர் இருக்கைக்கு அடியில் கடலைக்கோது கிடந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். எங்களுக்குள் அவரைப் பெரியக்கா என்று சொல்லிக்கொள்வோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கழிவறையில் ஒரு விஷயத்தை எங்களுக்குத் தனியாகக் காட்டினார்கள். கை துடைத்த கடதாசியைப் போடுகிற இடத்துக்கு ஒரு சின்ன மூடி உண்டு. கையால் தள்ளினால் உள்ளே போகும், கையை எடுத்தால் டப்பென்று மூடிவிடும். அந்த நாட்களில் இருக்கையில் இருந்து புகைக்கலாம், கழிவறையில் கூடாது. கூடாது என்றால் செய்யாமல் விடுவார்களா? திருட்டுத்தனமாகப் புகைத்துவிட்டு, அணையாத துண்டைக் கடதாசிக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். மூடி இறுக மூடியிருந்தால் உள்ளே காற்றுக் கிடைக்காமல் நெருப்புத் தானாகவே செத்துவிடும். மூடி திறந்து நின்றால் சாகாது. ஆகாயத்தில் அதைவிடப் பொல்லாத விஷயம் வேறில்லை என்று சொன்னார்கள். பௌதிகம் படிப்பித்தவனுக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மூடியின் உள்பக்கம்தான் எப்போதும் அழுக்கு. துடைக்கக் கையை விட்டால் வில்லுக் கம்பி விரலைக் கடிக்கும். என் வலது கைவிரல்களில் எப்போதும் இரண்டு மூன்று காயம் இருக்கும். ஒருநாள் வீட்டுக் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் நிற்கும்போது மூளை வேலை செய்தது. அங்கே கேட்பாரற்றுக் கிடந்த மரக் கிளிப்புகளில் ஐந்தை எடுத்து வந்தேன். மூடியைத் தள்ளி இடுக்கில் ஒரு கிளிப்பைச் செருகினால் அது திறந்தபடியே நிற்கும். என் பங்குக்கு வந்த ஐந்து கழிவறையிலும் செருகி, கழுவும் மருந்தை அடித்துவிட்டு, திரும்பி வந்து துடைத்தால் அழுக்கு ஊறி ஒரே இழுப்பில் வந்துவிடும். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. பெரியக்காவுக்குக்கூட என் வேகத்தின் இரகசியம் தெரியாது. அண்ணைக்கு மட்டும் காட்டியிருந்தேன். யாழ்ப்பாணத்து மூளை எண்டால் சும்மாவோ என்று அவரும் மெச்சினார்.

அன்றைக்கு நியூயோர்க் போகிற ஜம்போ. வந்து சேர்ந்ததே தாமதம் என்பதால் எங்களை விரட்டு விரட்டென்று விரட்டினார்கள். ஓடி ஓடி முடித்து இறங்கினோம். அடுத்த விமானம் வரும்வரை எங்கள் வேலை வண்டியான வானுக்குள் இருந்து, வெயில் காய்ந்தபடி ரொட்டி சாப்பிட்டோம். கண்ணுக்கு முன்னால் ஜம்போவில் ஆட்கள் ஏறி முடிந்தது. கதவுகள் மூடின. தள்ளுகிற வண்டி வந்து முன்சக்கரத்தோடு கொளுவிக்கொண்டது. காதில் கருவி மாட்டிய மெக்கானிக் ஒருவர் மூக்குக்குக் கீழே நின்று விமானியோடு கதைத்துக்கொண்டிருந்தார். ரொட்டித் தூளைத் தட்டிவிட்டுச் சட்டைப் பையைத் தடவினேன். கிளிப் நான்குதான் இருந்தது.

காற்சட்டைப் பையைப் பார்த்தேன். துணி வாளியைக் கொட்டிப் பார்த்தேன். வானின் தரையில் முழங்காலில் இருந்து தேடினேன். நான் தேடுவதைப் பார்த்தே அண்ணைக்கு விஷயம் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, அது எங்கையும் விழுந்திருக்கும். ஒருத்தரும் காணேல்லை. வாயைத் திறக்காதையும்."

"நெருப்புப் பிடிச்சா என்னண்ணை செய்யிறது?"

"பிடிக்காது. மாதாவே, பிடிக்காது. பயணம் வெளிக்கிட்டாச்சு. வெளிக்கிட்ட ஆக்களைப் பின்னாலை கூப்பிடுறதே?"

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. வாசலைத் தாண்டினவரை எதற்காகவும் பின்னால் கூப்பிடக்கூடாது என்றுதான் எங்கள் வீட்டிலும் வளர்த்தார்கள். அப்பா குடையை மறந்து போனால்கூட அம்மா கூப்பிடமாட்டார், நான்தான் ஓடிப்போய் முன்னால் நின்று கொடுப்பேன். முந்நூறு பேரோடு புறப்பட்டு நிற்கிற விமானத்தை மறிப்பதா என்று நெஞ்சு உண்மையாகவே தயங்கியது. ஆனால் முழு உண்மையையும் சொல்லவேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு ஒரு வசதியான சாட்டாகவும் இருந்தது. என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. இங்கே ஒரு கெட்ட பேர் எடுத்தால் அது நேரே தலைநகர் பேர்னுக்குப் போய் என் கோப்பில் ஏறிவிடும் என்று அறையில் இருந்த நான்கு பேருமே நம்பினோம். வேலை போகும், பிறகு இங்கே தங்குகிற பெர்மிட்டும் கிடைக்காது. அதோடு கிளிப் விமானத்துக்குள்தான் இருக்கிறது என்றும் நிச்சயமில்லை. ஒன்றுமில்லாததற்கு ஜம்போவை நிறுத்தினால் என்ன ஆகும்?

மெக்கானிக் கையை உயர்த்தினார். வண்டி தள்ளத் தொடங்கியது.

நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது. வானின் முன் இருக்கையில் இருந்த பெரியக்காவின் தோளில் தட்டினேன். மனதில் கோர்த்து வைத்திருந்த ஜெர்மன் முழுக்க ஓடிப்போய்விட்டது. கழிவறை, மூடி, மரத்துண்டு, திறந்திருக்கு, நான்தான் என்று ஒவ்வொரு சொல்லாகக் கொட்டினேன். நான்தான் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னேனாம், பிறகு அவர் சொல்லித்தான் தெரியும்.

"நிச்சயமா உள்ளே இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நிச்சயமில்லை" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வானொலிக் கருவியை எடுத்துக் கதைத்தார். பத்து மீற்றர்கூடப் போயிராத விமானம் நின்றது.

என் வாழ்க்கையில் அந்த எட்டு நிமிடம் மாதிரி நீண்ட நேரம் வேறில்லை. சாளரங்களில் ஆட்களின் முகங்கள் தெரிந்தன. ஒரு பெண் குழந்தையைத் தூக்கி எங்கள் வானைக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணை கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்பதா, இருக்கக்கூடாது என்று கேட்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் மெக்கானிக் எங்கள் பக்கம் திரும்பிப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பின்பக்கம், இடது கை, இரண்டாவது கழிவறை. பணிப்பெண் ஒருவர் கிளிப்பை இழுத்து எடுத்துவிட்டு, மற்ற எல்லா மூடிகளையும் தள்ளிப் பார்த்திருக்கிறார். ஜம்போ மெல்லத் திரும்பி ஓடுபாதைக்குப் போனது. என் கிளிப்பும் அதோடு போனது. பெர்மிட் இல்லாமல் பக்கத்து நாட்டு எல்லையைக்கூடத் தாண்ட முடியாதவன் நான். என் கிளிப் அமெரிக்கா பார்க்கப் போய்விட்டது.

அடுத்த நாள் காலை ஷெஃப் கூப்பிட்டார், ஷெஃப் என்றால் அங்கே மேலதிகாரி. இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அறை நண்பர்கள் ஆளுக்கொரு கதை சொல்லித் தந்திருந்தார்கள். பாஷை விளங்கேல்லை எண்டு சொல்லு என்றான் ஒருவன். ஆரோ வைச்சது, நான் கண்டனான் எண்டு சொல்லு என்றான் இன்னொருவன். அங்கே ஷெஃப்பின் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர் இருந்தார். விமானக் கம்பனியில் பாதுகாப்பைக் கவனிப்பவர் என்றார்கள். அவர் முன்னால் ஒரு வெள்ளைக் கடதாசி. பேர்னுக்குப் போகிற கடிதத்தை அதில்தான் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். யார் வைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

ஏன் வைத்தாய் என்று அடுத்த கேள்வி. இதற்கு நான் தயாராக வரவில்லை. கையை நீட்டி விரல்களில் இருந்த காயங்களைக் காட்டினேன். அவர் எழுதவில்லை. எழும்பி வா என்று என்னையும் ஷெஃப்பையும் கூட்டிக்கொண்டு, நின்றுகொண்டிருந்த ஒரு விமானத்துக்குள் போனார். கழிவறையில் தன் கையையே அந்த மூடிக்குள் விட்டுத் துடைத்துப் பார்த்தார். மூடி கடித்தது. சுவிஸ் ஜெர்மனில் ஏதோ ஒரு சொல் சொன்னார். எனக்கு அது விளங்காவிட்டாலும் நல்ல சொல் இல்லை என்று விளங்கியது. ஷெஃப் சிரிப்பை அடக்க வெளியே பார்த்தார்.

ஏச்சு விழாமல் இல்லை. வீட்டுச் சாமானை விமானத்துக்குள் கொண்டுவருவது எவ்வளவு பெரிய பிழை என்று பெரியவர் அந்தக் கழிவறை வாசலில் வைத்தே கறாராகச் சொன்னார். தலையைக் குனிந்து கேட்டேன். பிறகு, நீ சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்றேன். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மூடி கடித்த அதே கையை என்னிடம் நீட்டினார். கைகொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அவ்வளவுதான். பேர்னுக்கு ஒரு கடிதமும் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு கடித உறை வந்தது. உள்ளே என் கிளிப். நியூயோர்க் போய்வந்த பணிப்பெண் ஒருவர், மூடிகள் எல்லாம் நன்றாக மூடின, நன்றி என்று ஒரு வரி எழுதியிருந்தார். சில வாரங்களில் எல்லோருக்கும் தடித்த கையுறையும், மூடியைப் பிடித்து வைக்க ஒரு கொளுக்கியும் தந்தார்கள். கொளுக்கியில் முழங்கை நீளத்துக்குச் சிவப்புப் பட்டி தொங்கும், மறந்துவிட்டு வரவே முடியாது. இறங்கும்போது பெரியக்கா ஒவ்வொருவரிடமும் அதை வாங்கி எண்ணுவார். அண்ணை என்னைத் தன்னோடு பேச்சு இல்லாதவன் மாதிரிக் கொஞ்ச நாள் நடத்தினார். பிறகு ஒருநாள் மருந்துப் போத்தலின் மூடியை எங்கோ ஜம்போவின் மாடியில் தவறவிட்டுவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே தானாகப் போய்ப் பெரியக்காவிடம் சொன்னார். திரும்பி வந்து, "சொல்லிப்போட்டன்" என்று சிரித்தார்.

மூன்று வருடம் கழித்து, பெர்மிட் கிடைத்த பிறகு, என் சொந்த அக்காவின் வீட்டுக் கல்யாணத்துக்குக் கனடா போக முதன்முறையாக ஜம்போவில் பயணியாக ஏறினேன். அவ்வளவு பெரிய உடம்பு ஓடுபாதையில் குலுங்கி ஓடி, இனி எழும்பாது என்று நினைக்கிற நேரத்தில் மெத்தென்று எழும்பியது. இருக்கைப் பட்டியைக் கழற்றலாம் என்றதும் எழும்பிக் கழிவறைக்குப் போய் மூடியைத் தள்ளிப் பார்த்தேன். டப்பென்று மூடியது. அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. இன்றைக்கும் எந்த விமானத்தில் ஏறினாலும் அதைச் செய்கிறேன், மனைவி சிரிப்பாள்.

நான் வெளிக்கிட்ட நாட்களில் எங்கள் ஊரில் சீருடை போட்டவர்கள் வந்து யார் செய்தது என்று கேட்டால், செய்தவனும் தெரியாது என்பான், செய்யாதவனும் தெரியாது என்பான். நான்தான் என்று சொன்னவன் வீடு திரும்பியதில்லை. அப்படி ஓர் இடத்திலிருந்து வந்த நான், அந்தப் புரட்டாதிக் காலையில் நரைத்த தலைப் பெரியவரிடம் நான்தான் என்று சொல்லிவிட்டு, அன்றே பின்னேர ரயில் பிடித்து வந்து, சோறு காய்ச்சிச் சாப்பிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டேன். தஞ்சம் கேட்டு வந்த நாட்டில் எனக்குத் தஞ்சம் கிடைத்த நாள் எது என்று யாராவது கேட்டால், பெர்மிட் கையில் வந்த நாளைச் சொல்லமாட்டேன், இந்த நாளைத்தான் சொல்வேன்.