பதினோராவதாகப் பாட்டு

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அப்பாவுக்குத் தெரியாது. நான் மறைத்ததில்லை. பலமுறை சொல்லியிருக்கிறேன். "பாடுறியோ?" என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். மேளம் ஏதும் அடிக்கிறேனோ என்றார். அதுவும் இல்லை.

"பாட்டெழுதிறது அந்த அதிபர். பாடுறது முல்லைத்தீவுப் பிள்ளை. அப்ப உனக்கு அதில என்ன வேலை?"

"பதிஞ்சு, சரிப்படுத்திறன் அப்பா."

"ஓ, திருத்த வேலை" என்றுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை பக்கத்துக் காணிக்காரர் ஒருவர் பழுதான மின்விசிறியோடு எங்கள் வாசல் படலையில் நின்றார். அப்பாதான் அனுப்பினாராம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, வவுனியாவுக்குப் போய்ப் பட்டமும் எடுத்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அவ்வளவுதான். என்னைப் படிப்பிக்க அவர் உருத்திரபுரத்து வயலில் எத்தனை போகம் முறிந்து உழைத்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவருக்கு விளங்கவில்லை என்பது எனக்குப் பகிடியாக இல்லை. அரசாங்கக் கந்தோரில் வேலை என்றால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். நான் வீட்டோடு ஒட்டிய அறையில் எதிரொலி வராமலிருக்க உமி அடைத்த உரப்பைகளைச் சுவரோரம் அடுக்கி, ஒரு மைக்கும் ஒரு கணினியும் வைத்துக்கொண்டு இருக்கிறேன். இதை வேலை என்று அவர் ஊருக்கு எப்படிச் சொல்வார்?

அதிபர் என்று அப்பா சொன்னது ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை அதிபரை. நல்ல மனிதர். ஆறு பாடல்கள் எழுதி, அவற்றுக்கு மெட்டும் போட்டுக்கொண்டு வந்து, இசை அமைத்துப் பதிந்து தரும்படி கேட்டார். பாடுவதற்கு முல்லைத்தீவிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை வந்தாள். கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை, மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிப் பழகியவள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய பஸ் ஏறி வருவாள். எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதத்தில் நான் செய்தது, ஒரு குரலை அதன் இடத்தில் நிறுத்துவது. மூச்சுச் சத்தம் எது, பாட்டுக்கு வேண்டிய மூச்சு எது என்று பிரிப்பது. தபேலா எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், வயலின் எப்போது விலக வேண்டும் என்று பார்ப்பது. இதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. கேட்டால் விளங்கும் என்று நினைத்தேன். நல்ல ஒலிபெருக்கியில், சனத்தோடு சனமாக இருந்து, ஒரு பாட்டை முழுதாகக் கேட்டால் போதும்.

பாடல்களை இணையத்தில் ஏற்றுவோம் என்றேன். அதிபர் ஒத்துக்கொள்ளவில்லை. இறுவட்டு, அதுதான் சீடி, அடிக்க வேண்டும், வெளியீட்டு விழா வைக்க வேண்டும் என்றார். இறுவட்டைப் போட்டுக் கேட்க இப்போது ஆரிடம் சாமான் இருக்கிறது என்று கேட்டேன்.

"கேக்கிறது வேற கதை தம்பி. மேடையில கையில குடுக்க ஒண்டு வேணும். உம்மட லிங்கை என்னெண்டு மாலை போட்டுக் குடுக்கிறது?"

விழா சனிக்கிழமை மூன்று மணிக்கு, கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில். அழைப்பிதழில் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோதே எனக்கு எரிச்சல் வந்தது. விளக்கேற்றல், இறைவணக்கம், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, நயப்புரை, வெளியீடு, ஏற்புரை. பதினோராவதாகப் பாட்டு. அதையும் "பாடல் ஒலிபரப்பு, நேரம் அனுமதிப்பின்" என்று போட்டிருந்தார்கள். பாட்டை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லி இரண்டு தரம் அதிபரின் வீட்டுக்குப் போனேன். பிரதம விருந்தினர் வர முந்திப் பாட்டுப் போட்டால் அவர் குறை நினைப்பார் என்றார். அவர் வந்தபிறகு போடுவோம் என்றேன். வந்தவரைக் காக்கவைத்துப் பாட்டுப் போடுவதோ என்றார்.

எனக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. சிறுபோகம், மழையில்லாக் காலத்து வெள்ளாமை. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் விடுவார்கள். அந்தச் சனிக்கிழமை எங்கள் முறை ஐந்து மணிக்கு. ஐந்துக்கு அப்பா வாய்க்காலடியில் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போகும், பிறகு ஐந்து நாள் பார்த்திருக்க வேண்டும். நான் போய் நிற்கலாம். ஆனால் விழாவில் பாட்டைப் போடுகிற ஆளே நான்.

அப்பா இரண்டரைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சேட்டு, வேட்டி, சைக்கிளைப் பூட்டிய திறப்பு கையில். இரண்டாம் வரிசையில் கரைக் கதிரையில் இருந்தார். விழா தொடங்கும்போது மூன்றரை ஆகிவிட்டது. பிரதம விருந்தினர் வந்ததும் எல்லோரும் எழும்பினார்கள், அப்பாவும் எழும்பினார். வாழ்த்துரை சொன்னவர் தன்னுடைய பாடசாலைக் காலத்தைச் சொன்னார். நயப்புரைக்கு வந்தவர், இசையைப் பற்றிச் சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று தொடங்கினார். கெதியாக முடித்துவிடுவார் என்று நான் சந்தோசப்பட்டேன். அவர் இறுவட்டைக் கேட்கவே இல்லை, பாடல் வரிகளைத் தாளில் வாங்கிப் படித்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு வரியாக எடுத்து விளக்கினார். ஒருவரும் கேட்காத பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் நயம்.

நாலரை தாண்டியதும் நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கு எண் தெரியும். திறப்பை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு குனிந்தபடி, ஒருவரையும் இடிக்காமல், கரையால் நடந்து என்னிடம் வந்தார். "பாட்டு எப்ப?" என்று மெதுவாகக் கேட்டார். இப்போது வரும் என்றேன். அவர் மேடையைப் பார்த்தார். மேடையில் முதற் பிரதியை வாங்கியவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். சிறப்புப் பிரதி வாங்க இன்னும் ஒரு வரிசை நின்றது.

"தண்ணி நிக்காது தம்பி. நான் போட்டு வாறன்."

அவர் போனபிறகு ஏற்புரை. அது முடிய, நேரம் போய்விட்டதால் நன்றியுரையை முதலில் வைத்து, பாடல்களைத் தேநீரோடு கேட்போம் என்று தலைவர் அறிவித்தார். நன்றியுரையில் எனக்கும் ஒரு நன்றி வந்தது போலிருந்தது. கதிரை தந்தவருக்கும், ஒலி ஏற்பாடு செய்த தம்பிக்கும் என்று. ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர் அதைத் தனக்கென்று நினைத்துத் தலையாட்டினார். பாடிய பிள்ளை என்னைப் பார்த்து, "அண்ணா, உங்களையோ அவரையோ?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

பாட்டுப் போட்டேன். சனம் ரோல்ஸ் தட்டுக்குப் பின்னால் போயிற்று. இரண்டாம் சரணம் வர முந்தி அதிபரே வந்து, விருந்தினரோடு கதைக்க முடியவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் குறையும் என்றார். குறைத்தேன். எனக்கு அவரில் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்தநாள் காலை அப்பாவை அறைக்குக் கூப்பிட்டேன். கதிரையில் இருத்தி, பாட்டைப் போட்டேன். முழங்காலில் கைகளை வைத்து, அசையாமல் முழுதாகக் கேட்டார்.

"நல்லாயிருக்கு" என்றார். "இதில நீ எது?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் மைக்கில் பாடியதை, ஒன்றும் செய்யாமல் எடுத்தபடியே போட்டுக் காட்டினேன். பிறகு முடித்த பாட்டை மறுபடி போட்டேன். இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் நான், அந்த எட்டு மாதமும் அதுதான் என்று சொன்னேன். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"தனியப் பாடினதெல்லோ நல்லாயிருக்கு. பிள்ளை பக்கத்தில நிண்டு பாடுற மாதிரி. மற்றது பஸ்ஸில போற பாட்டு மாதிரிக் கிடக்கு."

பஸ்ஸில் போகிற பாட்டு மாதிரி வரவேண்டும் என்றுதானே நான் பாடுபட்டேன். தனியப் பாடியதில் வெளியே மயில் கத்துவதும் கேட்கிறது, அப்படி வெளியில் விட ஏலாது என்று சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"மயில் கத்தினா என்ன? அது கத்தேக்கதானே அவள் பாடினவள்."

நான் கணினியை மூடினேன். அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எழும்பி வந்து தோளில் கை வைத்தார்.

"கவலைப்படாத தம்பி. இன்னும் கொஞ்சம் பழகினா வரும்."

வரம்பில் ஒரு இடம் உடைத்துக்கொண்டு போகிறது, அடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வெளியில் இறங்கினார்.