கால் குத்தாமல்

கொச்சியில் மலை கிடையாது. மேடு வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் போக வேண்டும். மட்டாஞ்சேரிக்காரன் ஒருவன் சைக்கிளில் மலையேறப் பழக நினைத்தால், தோப்பும்படிப் பழைய பாலத்தில் ஏறி, இறங்கி, திரும்பி, மறுபடி ஏறி, பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும்வரை அதையே செய்துகொண்டிருக்க வேண்டும். தங்கப்பன் அதைத்தான் செய்தார். காலையில் மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், பாவம், பாலத்தில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் போல என்று பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தமிழ்நாட்டிலிருந்து எந்தக் காலத்திலோ வந்து நகராட்சி வேலையில் ஒட்டிக்கொண்ட குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். தங்கப்பன் குப்பை லாரி ஓட்டினார். கொச்சங்காடியில், சுக்கும் மிளகும் அடுக்கிவைக்கும் ஒரு கிடங்குக்குப் பின்னால் வீடு. மனைவி மஞ்சுஷா. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. நாற்பத்தைந்தில் சர்க்கரை எட்டிப் பார்த்தபோது, நடங்கள் என்றார் டாக்டர். நடப்பதைப் போல அலுப்பான காரியம் உலகத்தில் இல்லை என்று மூன்றாம் நாளே தங்கப்பன் கண்டுபிடித்துவிட்டார்.

அப்போதுதான் யூதத் தெருவில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றின் சுவரில் அந்த சைக்கிளைப் பார்த்தார். வெளிநாட்டுப் பந்தய சைக்கிள், இரும்புக் குழாய், ஆட்டுக் கொம்பாக வளைந்த கைப்பிடி. அவர் பிறந்ததற்குக் கொஞ்சம் முன்னே பின்னே செய்திருப்பார்கள். சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கட்டும் என்று அதை ஆணியடித்து மாட்டி, கைப்பிடியில் மணி பிளான்ட் வேறு படரவிட்டிருந்தார்கள். தங்கப்பனுக்கு வயிறு எரிந்தது. கடைக்காரனோடு ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். செடியை மஞ்சுஷாவிடம் கொடுத்தார். அது இப்போதும் வாசலில் தழைத்துக் கிடக்கிறது.

பக்கத்துச் சந்தில் பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிஜுவும், பாங்கு அதிகாரி கேசவும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு வருவார்கள். கும்பளங்கி வரை மிதித்து, ஒரு சாயா குடித்து, அவரவர் முழங்காலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவார்கள். கேசவின் வண்டியை ஒரு விரலில் தூக்கலாம், கியர் டிக்கென்று தானாக விழும். தங்கப்பன் வண்டியில் அப்படிக் கிடையாது. கியர் நெம்புகோல் சாய்ந்த குழாயில் இருக்கும். குனிந்து, அதை விரலால் ஒரு மயிரிழை நகர்த்தி, சங்கிலிச் சத்தத்தைக் காதால் கேட்டு நிறுத்த வேண்டும். பெடலும் பழைய மாதிரி: காலை நுழைத்துத் தோல் வாரால் இறுக்கிக்கொள்ள வேண்டும், இறங்குமுன் கையால் தளர்த்த வேண்டும். "உங்க வண்டி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற வண்டியாக்கும்" என்று கேசவிடம் சொல்வார். கேசவ் பெருந்தன்மையாகச் சிரிப்பார்.

போன வருஷம் மூவரும் மூணாறு ஏறினார்கள். நேர்யமங்கலம் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். சீயப்பாறை அருவிக்குப் பக்கத்தில் தங்கப்பனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கார்களில் வந்தவர்கள் குரங்கையும் அவரையும் மாறி மாறிப் போட்டோ எடுத்தார்கள். அந்த அவமானம் அவருக்குள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது. இந்த வருஷம் கால் குத்தாமல் ஏறுவேன் என்றார். அதாவது, நேர்யமங்கலம் பாலத்திலிருந்து மேலே போய்ச் சேரும்வரை ஓரிடத்தில்கூடத் தரையில் கால் ஊன்றக் கூடாது. அதற்காகத்தான் பாலத்தில் அந்தக் கூத்து.

மழை விட்டதும் பயிற்சியை ஆரம்பித்தார். கியர் தகராறு செய்தது. நெம்புகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் அதிகமாகப் போயிற்று, திருத்தினால் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பாலத்தின் பாதி ஏற்றத்தில் சங்கிலி பற்களின்மேல் கடகடவென்று கத்தியது. உப்புக் காற்று என்றார் தங்கப்பன். கேபிளை மாற்றினார். நெம்புகோலைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். எங்கெங்கோ சொல்லிவைத்து, அதே கம்பெனி, அதே வருஷத்து நெம்புகோல் ஒன்றை வரவழைத்தார். அதுவும் கத்தியது. கடைசியில் வண்டியைச் சிஜுவிடம் தள்ளிக்கொண்டு போனார்.

சிஜு அதில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான்.

"சேட்டா, வண்டி பக்காவாக்கும். ஒரு குழப்பமும் இல்ல."

"நல்லாப் பாருடா. நான் போட்டா விழல, நீ போட்டா எப்படி விழும்?"

"பாத்தேன் சேட்டா. கியர் வெண்ணெயாட்டம் விழுது."

"உனக்குப் பழைய வண்டியப் பத்தி என்ன தெரியும்? நீ ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டு" என்று சொல்லிவிட்டார். பாவம், சிஜுவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் பார்த்தது வண்டியை மட்டுமல்ல. தங்கப்பன் கைப்பிடியைப் பிடித்திருந்தபோது வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு எதையோ உருட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தான். சொல்ல வாய் வரவில்லை.

சொன்னது மஞ்சுஷா. சட்டைப் பித்தானை அவர் நெடுநேரம் துழாவுவதையும், நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்குவதையும் அவள் மாதக்கணக்காகக் கவனித்திருந்தாள். ஒரு சாயங்காலம், நாலாவது முறையாகக் கேபிளைக் கழற்றி உட்கார்ந்திருந்தவரிடம், "ஏங்க, கேடு வண்டிக்கு இல்ல. உங்களுக்காக்கும்" என்றாள். தங்கப்பன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. வண்டியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகு தளர்ந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். தன் உடம்பை அப்படிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை கொஞ்சம் தட்டிவிட்டுத் தூங்கிப்போனது. வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார்.

"சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று டாக்டரே கேட்டார். அவரும் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர்தான்.

"ஓட்டுவேன் சார். ஓட்டறதுல ஒரு கஷ்டமும் இல்ல. கியர்தான்."

"சிலருக்கு அப்படித்தான். நடை நின்னுபோகும், சைக்கிள் மட்டும் வரும்."

இதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு தங்கப்பன் வீட்டுக்கு வந்தார். குணமாகுமா என்று கேட்டவள் மஞ்சுஷா. ஆகாது, மெல்ல மெல்லக் கூடும், கூடுவதை மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவளும் அவள்தான். தங்கப்பன் அந்நேரம் ஜன்னல் வழியே வைட்டிலாப் பக்கம் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நகராட்சியில் அவரை லாரி ஓட்டுவதிலிருந்து இறக்கி, ஷெட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் போட்டார்கள். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. வாசற்படியில் வந்து நின்றால் கால் ஒட்டிக்கொண்டுவிடும். எடு எடு என்று மனசு சொல்லும், கால் கேட்காது. பின்னால் நிற்கிறவர்கள் காத்திருப்பார்கள். ஆனால் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்துவிட்டால் போதும், பழைய தங்கப்பன். கால் சக்கரமாகச் சுற்றும், காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கியரே வேண்டாம், ஒரே கியரில் ஏறுகிறேன், மூணாறு போகிறேன் என்றார்.

வைட்டிலாச் சந்திப்பில் அந்த நம்பிக்கை உடைந்தது. நீண்ட பயிற்சி என்று மூவரும் போன நாள் அது. சிவப்பு விழுந்தது. தங்கப்பன் வாரைத் தளர்த்தக் குனிந்தார். விரல் வாரைத் தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. வண்டி நின்றது. பெடலோடு கட்டிய காலோடு, வெட்டிய மரமாக அப்படியே சாய்ந்தார். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து திட்ட வாயெடுத்தவர், தங்கப்பனை எழுப்பி நிறுத்தியும் அவர் நகராமல் நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சாதாரண பெடல் போட்டுக்கலாமே தங்கப்பன்" என்றார் கேசவ்.

"இதுக்கு இதுதான் பெடல்" என்றார் தங்கப்பன். எதுவானாலும் அந்த வண்டியில் கைவைக்க விடமாட்டார், முரட்டுப் பிடிவாதம்.

மூணாறு நாள் நெருங்கியபோது கேசவ் வீட்டுக்கே வந்தார். கூட ஒரு ஜீப் வருகிறது, வாழைப்பழமும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, தங்கப்பன் அதில் முன்சீட்டில் உட்கார்ந்து வரலாம் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். தங்கப்பன் சாயாவை ஆறவிட்டு, "பழம் கொடுக்க வேற ஆளப் பாருங்க சார்" என்றார். கேசவும் சிஜுவும் முந்தின நாளே கிளம்பி, மலைக்குக் கீழே கோதமங்கலத்தில் தங்கினார்கள். விடிந்ததும் ஏற்றம்.

அதே காலையில் தங்கப்பனும் கிளம்பினார். வைட்டிலாவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கிடங்கின் நீளச் சுவரில் அவர் தோளைச் சாய்த்து வண்டியில் உட்காருவார், மஞ்சுஷா குனிந்து வாரை இறுக்கிவிட்டுத் தள்ளிவிடுவாள். திரும்பி வரும்போது அதே சுவரில் வந்து சாய்வார், அவள் தளர்த்துவாள். சிக்னல் இல்லாத தெருக்களாகப் பார்த்துப் போவார்.

பாலத்தில் ஏறினார், இறங்கினார், ஏறினார். சீயப்பாறையை மனசில் வைத்துக்கொண்டு ஏறினார். சூரியன் காயலுக்கு மேலே வந்தது. தொடை நடுங்கியபோதும் நிறுத்தவில்லை. கேசவும் சிஜுவும் ஏறுகிற உயரத்தை இந்தப் பாலத்திலேயே ஏறிவிட வேண்டும் என்ற வெறி. இனி ஒரு மிதிகூட முடியாது என்ற நிலையில்தான் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

சந்தில் திரும்பியதும் பார்த்தார். அவருடைய சுவரை ஒட்டி ஒரு சுக்கு லாரி நின்றது. ஆட்கள் பலகை போட்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சுஷா லாரியின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"இப்ப மாத்திடுவாங்க! ஒரு ரவுண்டு கூடிப் போய்ட்டு வாங்க!" என்று கத்தினாள்.

கிடங்கைச் சுற்றிக்கொண்டு வந்தார். லாரி நின்றது. இன்னொரு சுற்று. லாரி நின்றது. மஞ்சுஷா டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். டிரைவர், வீட்டுக்காரர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தான். வேகம் குறைந்துகொண்டே வந்தது. வேகம் குறைந்தால் விழுவார். தெருவில் எல்லோருக்கும் தரை இருந்தது, மூட்டை தூக்குகிறவர்களுக்கு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு, நாய்க்குக்கூட. தனக்கு மட்டும் இல்லையே என்று தங்கப்பனுக்கு அழுகை முட்டியது. சுற்றிக்கொண்டே அழுதார், வாய்விட்டு. மஞ்சுஷா அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த சுற்றில் அவள் நேராக வண்டிக்கு முன்னால் வந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு வாங்கிக்கொண்டாள். இருவருமாக லாரியின் பக்கவாட்டில் போய் மோதிச் சாய்ந்தார்கள். மூட்டை இறங்கி முடிந்திருந்தது. அவள் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து வாரைத் தளர்த்தத் தொடங்கினாள்.

தங்கப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது. சிஜு.

"சேட்டா, சீயப்பாறை எத்திட்டோம், அருவிகிட்ட வந்தாச்சு. வெள்ளம் நல்லா விழுது. சேட்டன் இல்லாம ஒரு ரசமும் இல்ல, சத்தியமா."

தங்கப்பன் மூச்சு வாங்கினார். "கால் குத்தினியா?"

"குத்தினேன் சேட்டா. பொய் சொல்ல மாட்டேன். கேசவ் சாரும் குத்தினார்."

"நான் குத்தல" என்றார் தங்கப்பன். "காலைல இருந்து ஒரு இடத்திலயும் குத்தல."

சிஜுவுக்குப் புரியவில்லை. சும்மா சிரித்துவைத்தான். லைன் போய்விட்டது.

மஞ்சுஷா அவர் வலது காலை வாரிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தரையில் வைத்தாள். பிறகு அடுத்ததையும் எடுத்து வைத்தாள். சைக்கிளை உருவி வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்தாள். டிரைவர் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டான். அவர் சாய்ந்திருந்த தகரம் முதுகில் நடுங்கியது.

"வாங்க. எடுத்து வைங்க. அவன் வண்டிய எடுக்கணும்."

தங்கப்பன் காலைப் பார்த்தார். எடு என்றார். வாய்விட்டே சொன்னார். டிரைவர் ஹார்ன் அடித்தான். கால் அங்கேயே இருந்தது.