தாரணிக்குப் பால் சுறாப் புட்டு

வடிவேலு எதையும் அரைகுறையாகச் செய்ததில்லை. சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில் அவர் பற்றவைத்த இடத்தை மறுபடி சோதிக்கத் தேவையில்லை என்பார்கள். தங்கை தாரணிக்குக் குழந்தை பிறந்ததும் பத்தியச் சமையலை அவரே ஏற்றுக்கொண்டார். தேக்கா சந்தையில் பால் சுறா வாங்கி, வேகவைத்துத் தோலுரித்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து, சூடு ஆறுமுன் டப்பாவில் போட்டுப் பொங்கோலில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோவார். பால் ஊற அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒருநாள் குழந்தையைப் பார்க்க வந்த தாதி டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"என்ன மீன் அண்ணே?"

"பால் சுறாம்மா. ஒரு முள் இருக்காது," என்றார் பெருமையாக.

தாதியின் சிரிப்பு நின்றது. "சுறாவா? வேணாம் லா. அதுல பாதரசம் சேர்ந்திருக்கும். தாய்ப்பால் வழியா பிள்ளைக்குப் போகும், மூளை வளர்ச்சிக்கு ஆகாது."

வடிவேலு சட்டென்று டப்பாவை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நல்லாத்தானே வேகவச்சேன்?"

"வேகவச்சாலும் போகாது."

தொட்டிலைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. "ரெண்டு மூணு தடவை கொடுத்துட்டேனே, பிள்ளைக்கு ஏதும்..."

"ரெண்டு மூணு தடவைதானே? பயப்படாதீங்க, இனிமே சுறா வேணாம். தாய்ப்பாலை நிறுத்திடாதீங்க. நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீனை நல்லா வேகவச்சுக் கொடுங்க."

"அண்ணே, உட்காருங்க. எனக்கில்ல, உங்களுக்குத்தான் பத்தியம் வேணும் போல," என்றாள் தாரணி.

மறுநாள் தேக்காவில் அவர் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஓர் அம்மாள் சுறா கேட்டார்.

"யாருக்கும்மா?"

"மகளுக்கு. பிரசவமாயிருக்கு."

"வேணாம்மா!" வடிவேலு போட்ட சத்தத்தில் மீன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது.