முகப் போட்டியில் தோற்றவர்கள்

கேட்டில் முதல் நாள்

ஒரகடத்தில், வண்டிகளுக்கு வயரிங் ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டுகள், செய்யும் ஆலை ஒன்றின் ஐ.டி. பிரிவில் இருக்கிறேன். ஆலைக்குள் ஓடும் ஆப்கள் என் பொறுப்பு. முகத்தைக் காட்டி வருகை பதிவதற்காக நாங்கள் செய்த தமிழ் ஆப் நடைமுறைக்கு வந்த திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ் குன்றத்தூரைத் தாண்டுவதற்குள் எனக்கு போன் வந்தது. கேட் செக்யூரிட்டி ஆரோக்கியசாமி அண்ணன். திருநெல்வேலிக்காரர், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அன்று கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போலிருந்தது.

"எம்மா, உங்க மிஷினு வாறவங்க எல்லாத்தையும் கண்ணடிக்கச் சொல்லுது. அதுக்கு நேர் பின்னாடி நாம்லா நிக்கேன்! ஊரே என்னப் பாத்துக் கண்ணடிக்கி."

முதலில் புரியவில்லை. கேட்டுக்கு வந்து பார்த்ததும் புரிந்தது. ஸ்டாண்டில் மாட்டியிருந்த, டேப் என்று நாங்கள் சொல்லும் டேப்லெட்டில், முகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் "கண் அடிக்கவும்" என்று இருந்தது. நிற்பது போட்டோ இல்லை, ஆள்தான் என்று பார்க்க, கண் சிமிட்டச் சொல்ல வேண்டிய இடம். அடுத்து "இன்னும் பிடியுங்கள்" என்றது. அசையாமல் நில்லுங்கள் என்பதற்கான ஆங்கிலத்தை யாரோ மிஷினில் போட்டு அரைத்து எடுத்திருக்கிறார்கள். எதை இன்னும் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு பெண் டேபையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் பொருந்தாதபோது சிவப்புக் கட்டத்தில் வந்த வாசகம் இது: "முகப் போட்டியில் தோல்வி."

ஆங்கிலத்தில் மேட்ச் என்றால் பொருந்துவதும் உண்டு, கிரிக்கெட் மேட்சும் உண்டு. மிஷின் கிரிக்கெட்டைப் பிடித்துக்கொண்டது.

"இன்னா மேடம், வுடிஞ்சதும் வுடியாததுமா அழகுப் போட்டி வெச்சிகிறீங்க?" என்றாள் வயர் முனைகளில் பின் அழுத்தும் கிரிம்பிங் லைன் மல்லிகா. "எனக்குத் தோல்வின்னு வந்துகீது. யாரு அந்த ஜட்ஜு? நான் பாக்கணும்." வரிசை முழுக்க சிரிப்பு.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆப்பில் நாங்கள் எழுதிய பக்கங்களெல்லாம் நல்ல தமிழில்தான் இருந்தன. முகத்தை அடையாளம் காணும் பகுதி மட்டும் பெங்களூரில் ஒரு கம்பெனியிடம் வாங்கியது. எஸ்.டி.கே. என்போம். வேறொருவர் செய்த துண்டை அப்படியே எடுத்து நம் ஆப்புக்குள் பொருத்திக்கொள்வது. அது நம் ஆப் எந்த மொழியில் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. டேபின் செட்டிங்கில் என்ன மொழி இருக்கிறதோ அதைப் பேசும். சோதனை செய்த டேபெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கேட்டில் வைக்கும்போது அட்மின் பிரிவில் நல்லெண்ணத்தோடு டேபையே தமிழுக்கு மாற்றிவிட்டார்கள். அதுவரை உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பெங்களூர்த் தமிழ் எழுந்து வந்துவிட்டது.

எச்.ஆர். தலைவர் ராகவன் சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"தமிழே வேணாம்மா. எல்லாத்தையும் இங்கிலீஷ்ல போட்டுருங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க."

"சிரிக்க மாட்டாங்க சார். ஆனா புரியாது. புரியாம நின்னா கியூ ரோட்டுக்கு வந்துரும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள சரியாகலன்னா இங்கிலீஷ்தான்." அவர் மேல் தப்பில்லை. காலை ஷிஃப்ட் லேட்டானால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

தேவிகா வரவில்லை

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் மல்லிகா என்னைத் தேடி வந்தாள். முந்தின நாள் சிரிப்பு முகத்தில் இல்லை.

"மேடம், நம்ம தேவிகா ரெண்டு நாளா வரல. நேத்து கேட்டாண்ட வரைக்கும் வந்துட்டு திரும்பிப் பூட்டா. நான்தான் பின்னாடி நின்னு சத்தமா சிரிச்சிகினு இருந்தேன். அவளப் பாத்து சிரிக்கல மேடம், அந்த மிஷினப் பாத்துதான் சிரிச்சேன். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறா."

மல்லிகாவோடு வேலை செய்யும் தேவிகாவுக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தீக்காயத் தழும்பு உண்டு. சிறு வயதில் பட்டது. அந்த முகத்துக்கு முன்னால் சிவப்புக் கட்டத்தில் மூன்று முறை "தோல்வி" வந்திருக்கிறது. பின்னால் வரிசையே சிரித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதுவரை இருந்த வேடிக்கையெல்லாம் போய்விட்டது.

அன்று மாலையே மல்லிகாவோடு வல்லக்கோட்டைப் பக்கம் இருந்த தேவிகா வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள். உட்காரச் சொன்னாள். மல்லிகாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"மனுஷங்க சொன்னா சண்ட போட்டுடலாம் மேடம். போட்டுகிறேன். மிஷினு சொன்னா யாராண்ட போய் சண்ட போடறது?"

நான் மேட்ச் என்ற சொல்லின் கதையைச் சொன்னேன். தலையாட்டினாள், நம்பவில்லை. சரி, வாயால் சொல்லி ஆகாது என்று என் டெஸ்ட் போனை எடுத்தேன். அதிலும் அதே ஆப், அதே தமிழ், ஆலையில் எல்லோருடைய முகப் பதிவும் இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று என் முகத்தையே பிடித்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகம் கருப்பாக விழுந்தது. "முகப் போட்டியில் தோல்வி." மல்லிகாவை அதே இடத்தில் நிற்க வைத்தேன். அவளுக்கும் தோல்வி.

"நீ வா," என்று தேவிகாவை வாசலுக்குக் கூட்டிப்போய், வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்தினேன். போன் ஒரு நொடி யோசித்தது. பச்சை டிக் விழுந்து, அவள் பெயரும் டோக்கன் எண்ணும் வந்தன.

தேவிகா போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு இரண்டு நாளில் முதல் தடவையாக மல்லிகாவிடம் பேசினாள். "ஏய், நீ ஃபெயிலு. நான் பாஸு."

"அடிப்பாவி, அதுக்கோசரமாவது பேசினியே," என்று மல்லிகா அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சில் எனக்கு இடமில்லை. என் டீயை நான் குடித்தேன்.

அங்கிருந்தே ஆரோக்கியசாமி அண்ணனுக்கு போன் செய்தேன். கேட்டில் டேப் கிழக்கே பார்த்து நிற்கிறது. காலை வெயில் வருகிறவர்களின் முதுகில் அடிக்கிறது. "இவ்ளோதானா? இப்பமே திருப்பிப் போட்டுருதேன்," என்றார். மறுநாள் போனபோது ஸ்டாண்ட் இடம் மாறியிருந்தது. மேலே ஒரு தகரமும் போட்டிருந்தார். தேவிகாவும் வேலைக்கு வந்திருந்தாள்.

வாங்கிய துண்டைத் தமிழாக்கியது

இனி வாசகங்கள். எஸ்.டி.கே.யைப் பிரித்துப் பார்த்தால், திரையில் வரும் ஒவ்வொரு வாசகத்துக்கும் உள்ளே ஒரு பெயர் இருக்கும். அதே பெயரில் நம் ஆப்பின் வாசகக் கோப்பிலும் ஒரு வரி இருந்தால், ஆண்ட்ராய்டு நம்முடையதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்தப் பெயர்களையெல்லாம் எடுத்து நம் தமிழை எழுதினேன். கண்ணடிப்பதும் இன்னும் பிடிப்பதும் புதன்கிழமையே ஒழிந்தன.

"முகப் போட்டி" மட்டும் போகவில்லை. தேடிப் பார்த்தால் அந்த வாசகம் எஸ்.டி.கே.க்குள்ளேயே இல்லை. பெங்களூர் சர்வரிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் சப்போர்ட்டில் ஜினேஷ் என்று ஒரு மலையாளிப் பையன். "தமிழ் சப்போர்ட் ஏற்கெனவே இருக்கு மேடம்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். அவர்களுடைய தமிழை அப்படியே திருப்பி ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் ஒலி. பிறகு, "ஐயோ!"

"என்னாச்சு?"

"மலையாளத்திலும் இதே போட்டிதான் மேடம்."

இருவரும் சிரித்து முடித்ததும் வழி சொன்னான். சர்வர் வாசகத்தோடு, தவறைக் குறிக்கும் ஓர் எரர் எண்ணும் அனுப்புகிறது. வாசகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த எண்ணை மட்டும் வாங்கி, திரையில் நம் வார்த்தையைக் காட்டலாம்.

எந்த வார்த்தை என்பதில்தான் வியாழக்கிழமை முழுக்கப் போனது. முதலில் "முகம் பொருந்தவில்லை" என்று எழுதினேன். அகராதிப்படி சரி. தேவிகா அதன் முன்னால் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். அழித்துவிட்டேன். கடைசியில் நின்றது இது: "வெளிச்சம் போதவில்லை. முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று மறுபடி பாருங்கள்." மல்லிகாவிடமும் செக்யூரிட்டி அண்ணனிடமும் படித்துக் காட்டினேன். "இது பரவால்ல, பழி லைட்டு மேல பூடுச்சு," என்றாள் மல்லிகா. கண் சிமிட்டுவதற்கு "கண்ணை ஒருமுறை மூடித் திறக்கவும்" என்று வைத்தோம். அண்ணன் மட்டும் அந்த வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ராகவன் சார் தானே வரிசையில் வந்து நின்றார். உள்ளே போகும்போது, "சரி, தமிழே இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு

தண்டலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் எங்கள் பிரிவுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு துண்டை வாங்கும்போது, தமிழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அது எந்த மொழி செட்டிங்கைப் பார்க்கிறது, வாசகம் உள்ளே இருக்கிறதா சர்வரிலிருந்து வருகிறதா, அதை நாம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். டேபைத் தமிழில் வைத்து, எல்லாத் தப்பையும் வேண்டுமென்றே செய்து, ஒவ்வொரு எரரையும் வாய்விட்டுப் படியுங்கள். எது நாம் எழுதியது, எது வாங்கியது என்று கேட்டில் நிற்பவருக்குத் தெரியாது. அவருக்கு எல்லாம் நாம் சொன்னதுதான்.

இப்போதெல்லாம் புது வெர்ஷன் வருவதற்கு முன்பே ஜினேஷ் தமிழ் வாசகங்களை எனக்கு அனுப்பிவிடுகிறான். சமீபத்தில் வந்ததில் ஒன்று. டேபுக்கு முன்னால் நிற்பது போட்டோ இல்லை, ஆள்தான் என்று உறுதியானதும் வரும் செய்தி: "நீங்கள் உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது."

ஷிஃப்ட் முடிந்து, ஓவர்டைமும் பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்த தேவிகாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இத மட்டும் மாத்தாதீங்க மேடம்," என்றாள். "வூட்டுக்குப் போற நேரத்துல எங்களுக்கே அந்த டவுட்டு இருக்கும்."