அப்பாவிடம் அவள் கேட்ட கேள்வி

பொறாமை என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. என்னோடு படித்த அந்த மங்காஃப்காரியைப் பார்த்தாலே வயிறு எரியும். அவள் அம்மா குவைத்தில், மங்காஃப் என்கிற ஊரில் நர்ஸ். பெண்ணும் அங்கேயே வளர்ந்தவள். தமிழைக் கடித்துக் கடித்துப் பேசுவாள். இங்கிலீஷில் வாயைத் திறந்தாலோ வகுப்பே அவள் பக்கம் திரும்பும்.

அபுதாபியில் எங்களுடையது சின்னக் கல்லூரி. தத்துவ வகுப்பில் ஒன்பதே பேர், ஒரே மேசை. நான் சிவகங்கைப் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து முழு ஸ்காலர்ஷிப்பில் வந்தவள். முதல் நாள் பேராசிரியை கேள்வி கேட்டதும் சட்டென்று எழுந்து நின்று, புத்தகத்தில் இருந்ததை வரி பிசகாமல் ஒப்பித்தேன். "சரி, நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். நான் என்னத்தை நினைக்க? அவளோ உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எனக்கு இது புரியவே இல்லை" என்றாள். அதற்குப் போய் பேராசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு. புரியாததற்கெல்லாமா பாராட்டு? இதென்ன கூத்து!

கடைசி வருஷ ஆய்வுக்கு அந்தப் பேராசிரியை ஒரே ஒருவரைத்தான் எடுத்துக்கொள்வார். அந்த இடம் எனக்கு வேண்டும். அதற்காக மூன்று வருஷம் நாயாய் உழைத்தேன்.

அப்பா துபாயில், சோனாப்பூர் லேபர் கேம்பில். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. லீவு நாளில் பஸ் பிடித்து, பிரியாணிப் பொட்டலத்தோடு என்னைப் பார்க்க வருவார். நேரில் உட்கார்ந்தாலும் நாங்கள் பேசியது பத்தொன்பது வருஷமாகப் போனில் பேசியதைத்தான். சாப்டியா, ஒடம்பு நல்லாருக்கா, நல்லா படி. வெளிநாடு போனவர் வீடுகளில் அதற்கு மேல் கேட்க மாட்டோம். கேட்டால் யாராவது ஒருவர் அழ வேண்டி வரும். 'என்னைப் படிக்க வைக்கத்தான் அப்பா அக்கரைக்குப் போனார்' என்று ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மங்காஃப்காரியும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வரும்போது அப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அப்படி அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லத்தா. சும்மா பேசிக்கிட்டிருந்தோம்."

அடுத்த மாதம் அவள் தன் கட்டுரையை வகுப்பில் வாசித்தாள். மனிதன் விரும்பிச் செய்வது எது, வேறு வழியில்லாமல் செய்வது எது என்பது தலைப்பு. சாரம் கட்டுகிற ஒருவரிடம், "வேற வழியே இல்லாமத்தான் வந்தீங்களா அங்கிள்?" என்று கேட்டாளாம். அவர் சொன்னாராம்: ஊரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. ஆனால் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது. பிள்ளைக்காகப் போகிறேன் என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன்.

பேர் போடவில்லை. போட்டுத்தான் தெரிய வேண்டுமா? அந்தப் பிள்ளை அங்கேதானே உட்கார்ந்திருந்தது.

ஆய்வுக்கான இடம் அவளுக்கே போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அதுவும் என் வீட்டு வெண்ணெய்! அன்றைக்கே அப்பாவைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"யாரோ ஒருத்திகிட்ட சொல்லத் தெரியுது, பெத்த மககிட்ட சொல்லத் தெரியாதா? ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னா என்ன?"

அப்பாவுக்குப் பின்னால், சைட்டில் யாரோ ஹிந்தியில் விரட்டுகிற சத்தம் கேட்டது.

"கோவப்படாதத்தா," என்றார். "நீ கேட்டிருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்."

அந்த இடம் போய்த் தொலையட்டும். அதற்கு வேறு கல்லூரி இருக்கிறது, வேறு பேராசிரியை இருக்கிறார். என் அப்பாவுக்கு அவள் யாரோ ஒருத்தி, அதனால் அவளுக்கு உண்மை கிடைத்தது. நான் மகள். எனக்கு இனிமேலும் கிடைக்காது.