மூன்றரை அடிக் கட்டை

மயக்க ஊசித் துப்பாக்கியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் டொக்டர் மிஸ்ஸின் இடது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். உடம்பின் மற்ற பாகமெல்லாம் கல்லாகிவிடும். வனவிலங்கு மருத்துவப் பிரிவில் அவருக்கு உதவியாளனாக இருந்த நான்கு வருடங்களில் அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பதற்றம் தொற்றிக்கொண்டது.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் புலி கம்பியில் மாட்டிக்கொண்டதாக ஒரு காலையில் அழைப்பு வந்தது. சிறுத்தையைத்தான் எங்கள் ஆட்கள் புலி என்பார்கள். அது நான் பிறந்த தோட்டம் என்று பாதி வழியில்தான் தெரிந்தது. இடம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், அண்ணனின் மரக்கறித் தோட்டத்து வேலியோரம். இடுப்பில் கம்பி இறுகிய நிலையில் அது தேயிலைச் செடிகளுக்கிடையே பதுங்கிக் கிடந்தது. கம்பியின் மறுமுனை ஒரு கட்டையில் கட்டப்பட்டிருந்தது. அது துள்ளும்போதெல்லாம் கட்டை கொஞ்சம் சாய்ந்தது.

"சுட்டுத் தள்ளுங்க மிஸ், புள்ளகுட்டி இருக்கு!" என்று மேலே நின்ற கூட்டம் கத்தியது. அந்தக் கூட்டத்துக்குள் அண்ணனும் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

தூரம் காட்டும் கருவி பனிமூட்டத்தில் எண்ணே தரவில்லை. கிட்டப் போனால் அது பாயும். ஊசிக்குத் தூரம் சரியாகத் தெரியவேண்டும். துப்பாக்கியின் காற்றழுத்தம் கூடினால் ஊசி குடல்வரை இறங்கிவிடும், குறைந்தால் வழியிலேயே விழும். மிச்சமிருந்தது தொலைநோக்கியின் கண்ணாடியிலுள்ள சின்னக் கோடுகள்தான். உயரம் தெரிந்த பொருள் எத்தனை கோடுகளை அடைக்கிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். பதுங்கிக் கிடக்கும் மிருகத்தை அப்படி அளக்க முடியாது. அதன் பக்கத்துக் கட்டை இன்னும் நேராக நின்றபோதே மிஸ் அதை அளந்துவிட்டார்.

"முப்பது கோடு. கட்டை மூணு அடின்னா முப்பது மீட்டர், நாலு அடின்னா நாப்பது. எவ்வளவு உயரம்? யாருக்குத் தெரியும்?"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. சுருக்குக் கம்பி கட்டுவது குற்றம்; தெரியும் என்பவன் கம்பி கட்டியவன், அல்லது அவனுக்கு வேண்டியவன். பன்றி வராமலிருக்க அந்தக் கட்டைகளை அண்ணன் உயரம் அளந்து ஊன்றியபோது, விடுமுறையில் வந்திருந்த நான்தான் மறுபக்கம் பிடித்தேன். கம்பி கட்டப்போகிறார் என்பதும் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிஸ்ஸின் கால் ஆடிக்கொண்டிருந்தது. கட்டை இன்னும் சாய்ந்தது.

"மூன்றரை அடி" என்றேன்.

"நிச்சயமா, மல்லி?"

தம்பி என்பதற்கான அந்தச் சிங்களச் சொல்லால்தான் எப்போதும் என்னைக் கூப்பிடுவார். "நிச்சயம், மிஸ்."

எப்படித் தெரியும் என்று மிஸ் கேட்கவில்லை. முப்பத்தைந்து மீட்டருக்கு அழுத்தத்தை வைத்தார். தொலைநோக்கியின் மேலிருந்த திருகாணியை அந்தத் தூரத்துக்குத் திருப்பினார். டிக், டிக் என்று ஒவ்வொரு பல்லாக அது ஏறிய சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. ஊசி பின்தொடையில் குத்தி நின்றது. கொஞ்ச நேரத்தில் சிறுத்தை தலையைச் சாய்த்தது.

கம்பியை வெட்டிக் கூண்டில் ஏற்றிய பிறகு, யார் கட்டியது என்று வனவிலங்கு அதிகாரி விசாரித்தார். நான் குனிந்து ஊசிப் பெட்டியை அடுக்கினேன். அண்ணன் தானாகவே முன்னால் வந்து, "நான்தாங்க" என்றார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "அடிக்கணக்குகூட மறக்கலையே நீ" என்றார்.

சிறுத்தை பிழைத்தது. அண்ணன் இரண்டு வாரம் மறியலில், சிறைக்குள்ளே இருந்தார். அறிக்கையில் மிஸ், கட்டையின் உயரம் தன் கண்மதிப்பு என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாயிருந்தது. மிஸ் மாற்றலாகிப் போன நாளில், "அண்ணாகிட்ட போய்ப் பேசுங்க" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இரண்டு முறை ராகலை வரை போய், இறங்கிய பஸ்ஸிலேயே திரும்பினேன். போன மாதம்தான் லயத்துக்கு ஏறிப் போனேன். அண்ணன் தோட்டத்தில் நின்றார். வேலியில் கம்பி இல்லை. கேரட் பாத்தி முழுவதும் பன்றி உழுது போட்டிருந்தது. கடித்துப் போட்ட ஒரு கிழங்கை எடுத்து என் கையில் வைத்தார்.

"கம்பி கட்டக்கூடாது, சரி. இப்ப என்ன செய்யச் சொல்ற, சொல்லு."

ஈர மண்ணோடு அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.